சுவருக்கு என்ன கலர்? முதலில் பழைய கலரை விசாரியுங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால் போதும், வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "இந்தப் பொங்கலுக்காவது ஹாலுக்குக் கலர் மாத்திடலாமா?" ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தில் இதே பேச்சு ரம்ஜானுக்கு முந்தின மாதமும் கிளம்பும். மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் முதல் செலவு பெயிண்டுக்குத்தான்.

கடையில் ஷேட் கார்டை விரித்துப் போட்டால் நூற்றுக்கணக்கில் கலர். அதைப் பார்த்ததும் நாம் கேட்கிற கேள்விகள் என்ன? சோபாவுக்கு மேட்சாகுமா? அழுக்குத் தெரியாமல் இருக்குமா? வாஸ்துப்படி சரியா? லிட்டர் என்ன விலை?

எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. "புதுக் கலர் அடிக்கப்போகும் சுவரில் இப்போது என்ன பெயிண்ட் இருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. வீட்டில் தவழும் குழந்தையோ, தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளோ இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பெயின்டரை வேலைக்குக் கூப்பிடவே கூடாது.

ஏன் என்று பார்ப்போம்.

வளைகாப்பு வீட்டில் நடப்பது

ஏழாம் மாதம் வளைகாப்பு. அது முடிந்ததும் மகளை அழைத்து வர வேண்டும். "பாப்பா பிறக்கப்போற ரூம், பளிச்சுன்னு இருக்கட்டுமே" என்று அப்பா பெயின்டரை வரச்சொல்கிறார். வீடு கட்டி இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆகியிருக்கும். சுவரில் இடுப்பு உயரம் வரை பச்சையோ பிரவுனோ ஆயில் பெயிண்ட். ஜன்னல் கம்பியில் மஞ்சள் எனாமல். பெயின்டர் வந்ததும் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்க்கிறார். வீடு முழுக்க மாவு மாதிரித் தூசி. சாயந்திரம் அம்மா துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுகிறார். அடுத்த அறையில் மகள் படுத்திருக்கிறாள்.

இதில் தப்பு செய்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. எல்லோரும் அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய ஆயில் பெயிண்டில் காரீயம் கலந்திருந்தால், அன்று பறந்த தூசி சாதாரணத் தூசி அல்ல. மூச்சு வழியாகவும், கை வழியாக வாய்க்குள்ளும் போகிற விஷம். கர்ப்பிணியின் இரத்தத்தில் கலந்த காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் போய்விடும்.

ஆக, புது டப்பாவைவிட நாம் அதிகம் பயப்பட வேண்டியது சுரண்டுகிற பழைய பெயிண்டுக்குத்தான்.

காரீயம் என்றால் எது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "ஈயச் சொம்பிலே ரசம் வச்சா மணக்குமே, அந்த ஈயமா?" என்று கேட்பீர்கள். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்தது. அது வேறு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். (காரீயம் கலந்த மட்டமான சரக்கு விற்றால் அது ஆபத்து. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.) வாகன பேட்டரிக்குள் இருக்கிற கனமான சாம்பல் நிற உலோகம்தான் காரீயம். இந்தக் கட்டுரை முழுக்க நாம் பேசுவது காரீயத்தைப் பற்றி.

பெயிண்டில் இதை ஏன் கலந்தார்கள்? இரண்டு காரணம். ஒன்று, நிறம். பளபளக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு காரீய குரோமேட் போன்ற பொருட்கள் மலிவாகக் கிடைத்தன. அந்த மஞ்சளோடு நீலம் சேர்த்தால் பச்சை. இரண்டாவது, ஆயில் பெயிண்ட் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகவும் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள். இதனால் வெளிர் நிற எனாமலில்கூடக் கொஞ்சம் இருக்கலாம்.

குரோமேட் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு டேனரி ஞாபகம் வரும். "குரோம் தோலுக்குப் போடறதுதானே?" என்பார்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் உப்பு ஒரு வகை. பெயிண்டின் மஞ்சளில் உள்ள குரோமேட் அதைவிட நச்சு அதிகமான வகை. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கழிவில் பயமுறுத்துவதும் இந்த இரண்டாவது வகைதான். மஞ்சள் எனாமலில் அதோடு காரீயமும் சேர்ந்திருக்கிறது.

எந்தெந்தப் பூச்சில் சந்தேகப்பட வேண்டும்?

• பழைய ஆயில் பெயிண்ட், எனாமல்: அதிகம் சந்தேகப்பட வேண்டியது. கதவு, ஜன்னல் கம்பி, கேட், இரும்புக் கட்டில், தொட்டில் சங்கிலி, பாதிச் சுவர்.

• கிரில்லுக்கு அடிக்கும் சிவப்பு ப்ரைமர்: "ரெட் ஆக்சைடு" என்றால் அந்தச் சிவப்பு துரு இனத்து இரும்பு ஆக்சைடில் இருந்து வருவது. "ரெட் லெட்" என்றால் காரீயம். பேரும் நிறமும் ஒன்றுபோல இருக்கும். வாங்கும்போது டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

• சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன்: பொதுவாகப் பயம் குறைவு. ஆனால் அவற்றுக்கு அடியில் பழைய ஆயில் பெயிண்ட் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆபத்து?

அதே அளவு காரீயத்தை விழுங்கினால், பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைவிடக் குழந்தையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகம் உறிஞ்சிக்கொள்ளும். அதிலும் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம். மூளை வளரும் வயதில் இது போய்ச் சேர்ந்தால் கவனம், கற்கும் திறன், புத்திக்கூர்மை எல்லாம் குறையும். போன திறனை மருந்து கொடுத்துத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பத்திரமான அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது எங்கோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேலூர் நகரத்தின் ஏழைப் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2014-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 15 மாத வயதில் சுமார் 45 சதவீதக் குழந்தைகளுக்கும், 24 மாத வயதில் சுமார் 46 சதவீதக் குழந்தைகளுக்கும் காரீய அளவு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஆய்வு சுவர்ப் பெயிண்டைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. மண் தரை உள்ள வீடுகளிலும் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளிலும் காரீயம் கூடுதலாக இருந்தது என்றுதான் கண்டார்கள். பேட்டரி உடைக்கும் பட்டறை, கலப்படக் குங்குமம், கண் மை, கலப்பட மஞ்சள்தூள் என்று காரீயம் வர வழிகள் பல. பெட்ரோலில் காரீயம் கலப்பது இந்தியாவில் 2000-ல் நின்றுபோயிற்று. ஆய்வுக் குழந்தைகள் அதற்கு எத்தனையோ வருஷம் பின்னால் பிறந்தவர்கள். அப்படியும் இந்த அளவு! ஏற்கெனவே பல வழியில் வந்து சேரும் விஷத்தோடு, நம் கையாலேயே வீட்டுச் சுவரைச் சுரண்டி இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டாம் என்பதுதான் நமக்குப் பாடம்.

வராந்தாக் கம்பி சொன்ன கதை

பெயிண்டுக்கும் குழந்தைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. நம் ஊர் மாதிரியே வெயில் கொளுத்தும் இடம். மர வீடுகள், பெரிய வராந்தா, அதைச் சுற்றிக் கைப்பிடி அழி. 1890-களில் அங்கே பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகளுக்குக் காரீய விஷம் ஏறுவதை டாக்டர்கள் பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. 1904-ல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் வராந்தா அழியைக் கைகாட்டினார். வெயிலில் காய்ந்த பெயிண்ட் மாவு மாவாக உதிர்கிறது, குழந்தைகள் அழியைப் பிடித்து நிற்கிறார்கள், அதே கையால் விரல் சப்புகிறார்கள், நகம் கடிக்கிறார்கள்... இதுதான் வழி என்றார். சக டாக்டர்களே சட்டென்று நம்பவில்லை. குவீன்ஸ்லாந்தில் சட்டம் வர 1922 ஆயிற்று.

இப்போது உங்கள் வீட்டு ஜன்னலைப் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிற வாண்டு, பல் முளைக்கிற வயதில் அந்தக் கம்பியைக் கடிக்காமல் விட்டதுண்டா?

டப்பாவில் எதைப் படிக்க வேண்டும்?

நல்ல செய்தி இருக்கிறது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2016 நவம்பரில் அறிவித்தது. 2017 நவம்பர் முதல் இது அமலில் இருக்கிறது. 10 லட்சம் பங்கு பெயிண்டில் காரீயம் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இதைத்தான் 90 பி.பி.எம். என்கிறார்கள். டப்பாவின் மேலும் அதை அச்சிட வேண்டும்.

எனவே,

• "காரீயம் 90 பி.பி.எம்.-க்கு மிகாது" என்ற வாசகம் இருக்கிறதா என்று டப்பாவில் தேடுங்கள். தயாரித்த மாதம், வருஷமும் பாருங்கள்.

• "பழைய ஸ்டாக், பாதி விலைக்குத் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரணில் பத்திரப்படுத்திய பழைய எனாமல் டப்பாவையும் எடுக்காதீர்கள்.

• பேரில்லாத லூஸ் பெயிண்டும், தொழிற்சாலை உபயோகத்துக்கு என்று வருகிற பெயிண்டும் வீட்டுக்குள் வேண்டாம். மேலே சொன்ன விதி வீட்டுப் பெயிண்டுக்கு மட்டும்தான். வெல்டிங் பட்டறையில் கிரில், தொட்டில் ஸ்டாண்ட் செய்யக் கொடுத்தால், பெயிண்டை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

• விலை கட்டுப்படியானால் 'வி.ஓ.சி. குறைவு' என்று எழுதிய எமல்ஷன் வாங்கலாம். பெயிண்ட் காயும்போது காற்றில் கலக்கும் ரசாயன ஆவியைத்தான் வி.ஓ.சி. என்கிறார்கள். தலைவலி, கண் எரிச்சல், இழுப்பு வருவது இதனால்தான்.

பழைய பெயிண்டை என்ன செய்வது?

முதல் விதி: நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆயில் பெயிண்டைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ப்ரைமர் கொடுத்து, மேலே புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம். உள்ளே இருக்கிறது உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

"லேசா தேய்ச்சாத்தான்மா பிடிக்கும்" என்று பெயின்டர் சொன்னால் அவர் சொல்வதும் சரிதான். அப்போது வாட்டர் பேப்பரை வைத்து, தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். உரிந்து தொங்குகிற இடங்களிலும் அப்படித்தான். கூடவே இவற்றைச் செய்யுங்கள்:

• கர்ப்பிணி, குழந்தைகள் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். பக்கத்து அறை போதாது.

• பாய், தலையணை, பாத்திரம், பொம்மை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். அறைக் கதவை மூடி, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

• தீ வைத்து உரிக்கும் ப்ளோ லாம்ப் கூடவே கூடாது. சூட்டில் காரீயம் புகையாகக் கிளம்பும். மெஷின் போட்டு வறட்டுத் தேய்ப்பும் வேண்டாம்.

• துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈர மாப் போட்டு இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றித் துடையுங்கள். உரிந்ததைப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். செடிக்கும் கிணற்றடிக்கும் போகக் கூடாது.

• பெயின்டருக்கும் குடும்பம் உண்டு. துண்டை மூக்கில் கட்டுவது பத்தாது. என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவவும், வீட்டுக்குக் கிளம்பும் முன் சட்டை மாற்றவும் இடம் கொடுங்கள். அவர் சட்டையில் போகும் தூசி அவருடைய குழந்தைக்குத்தான் போய்ச் சேரும்.

வேலை முடிந்த அறையில் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உடனே படுக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து போட்டு வாசனை சுத்தமாகப் போகட்டும். எனாமல் வாசனை போக எமல்ஷனைவிட நாளாகும். பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாவது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியாது என்றால் பேசாமல் பழைய சுவரைத் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். பாப்பாவுக்கு சுவர் கலர் தெரியப்போவதில்லை!

உப்புப் பூக்கிற சுவருக்கு

பாலாற்றங்கரை வீடுகளுக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. அடித்த ஒரு வருஷத்தில் சுவரின் அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூத்து, பெயிண்ட் கொப்பளித்து உதிரும். "பெயிண்ட் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல வீடுகளில் பழி தண்ணீருடையது.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். அந்த உப்பை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் பல காலம் பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது. இதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெயர்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. அப்படி உப்பேறிய போர்வெல் தண்ணீரில் கலவை குழைத்து, அதே தண்ணீரில் கியூரிங் செய்தால் உப்பு சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வரும். செங்கல் மண்ணில் உள்ள உப்பும், அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரமும் இதே வேலையைச் செய்யும்.

சுவரில் பழைய ஆயில் பெயிண்ட் இருந்து, அடியில் உப்பும் பூத்தால்? சுரண்டாமலே உதிரும். அதுவும் தவழும் குழந்தையின் உயரத்தில்! நம் பகுதியில் பெயிண்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

• வெறும் சுவரில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். ஆயில் பெயிண்டும் சேர்ந்து உதிர்கிற இடத்தில் மட்டும், தூசி பறக்காதபடி லேசாகத் தண்ணீர் தெளித்துச் செய்யுங்கள்.

• ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கொத்தனாரை வைத்துப் பாருங்கள். பாத்ரூம் குழாய்க் கசிவு, மாடித் தண்ணீர், வெளிச்சுவர் ஓரம் தேங்கும் மழை... இதைச் சரிசெய்யாமல் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது பணத்தைச் சுவரில் பூசுவது.

• ஈரம் முழுசாக நிற்காத சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. அது சுவரை மூச்சுவிட வைக்கும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சையும் சுலபத்தில் வராது. பழையபடி நீலம் கலந்து வெள்ளை அடித்தால் பளிச்சென்று இருக்கும். (அடிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த இடத்துக்கு ஆயில் பெயிண்ட் வேண்டாம்.

• புது வீடு கட்டுபவர்கள் தண்ணீரை முதலில் சோதித்துவிடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர விதி. புதுப் பூச்சு குறைந்தது நாலு வாரம் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட்.

சரி, இப்போது கலர்!

சுவர் சரியாகிவிட்டதா? இனி ஷேட் கார்டை எடுக்கலாம். ஒரே ஒரு சூத்திரம்: உள்சுவருக்கு வெளிர் நிறம், மினுமினுப்பில்லாத பூச்சு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெளிர் கிரீம் 70-க்குப் பக்கம். கரும் நீலமோ மெரூனோ 10, 15 தேறினால் அதிகம். இரண்டு பக்கமும் வீடு ஒட்டிய வரிசை வீடுகளில் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் ஜன்னல். அங்கே அடர் கலர் அடித்தால் பகலிலேயே டியூப்லைட் எரிய வேண்டும்.

வெளிர் நிறத்தில் இன்னொரு லாபமும் உண்டு. அடர் நிறம் வேண்டுமென்றால் கடையில் கலர் பேஸ்ட் அதிகம் கலக்க வேண்டியிருக்கும். சில பேஸ்ட்டுகளால் ரசாயன ஆவியும் கூடும்.

ஹால்: வெளிர் கிரீம், தந்த நிறம், வெளிர் சாம்பல். சீலிங் வெள்ளை. அடர் நிறம் ஆசையாக இருந்தால் ஒரே ஒரு சுவருக்கு அடியுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தைத் திருப்பித் தருவது அதுதான்.

சமையலறை: புகையும் எண்ணெயும் படியும். கழுவக்கூடிய எமல்ஷனில் வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை. அழுக்குத் தெரிவது நல்லது. தெரிந்தால்தானே துடைப்போம்!

குழந்தை அறை: கழுவக்கூடிய எமல்ஷனே போதும். கட்டில், தொட்டில், ஜன்னல் கம்பிக்கு 90 பி.பி.எம். அச்சிட்ட எனாமல்.

பெரியவர்கள் அறை: வயதாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளடிக்கும். நீலமும் பச்சையும் மங்கித் தெரியும். மினுமினுக்கும் வெள்ளைச் சுவர், கண்புரை உள்ளவர்களுக்குக் கூசும். எனவே மினுமினுப்பில்லாத கிரீம் நிறம் நல்லது. கதவுச் சட்டம், ஸ்விட்ச் போர்டு, படியின் விளிம்பு, பாத்ரூம் கைப்பிடி ஆகியவை சுவரிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரிய வேண்டும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைப் படி என்றால் தாத்தா தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

தையல் மூலை: ஆம்பூர்ப் பக்கம் எத்தனையோ பெண்கள் ஷூ அப்பரை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைக்கிறார்கள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல்! கண்ணுக்கு எவ்வளவு சிரமம்? ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரை மினுமினுப்பில்லாத வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இடது பக்கம் இருந்தால் வலது கையின் நிழல் தையல் மேல் விழாது.

கலரை முடிவு செய்யுமுன் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்துப் பாருங்கள். காலை வெயிலில், மத்தியானம், ராத்திரி டியூப்லைட்டில் என்று மூன்று வேளையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடை விளக்கில் பார்த்த கலர் வீட்டில் அப்படியே வராது.

கணக்கும் போட்டுவிடுவோம். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமாராக 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக, நாலு லிட்டர் போதும்.

கேட்கிறார்கள்... சொல்கிறோம்

"நீலம் அடிச்சா பி.பி. குறையும்னு சொல்றாங்களே?"

மனசுக்குப் பிடித்த நிறம் சந்தோஷம் தரும், அவ்வளவுதான். சுவர் கலரை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

"வெளிர் கலர் அடிச்சா வேலூர் வெயிலுக்கு வீடு குளுமையா இருக்குமா?"

உள்சுவரால் பெரிய வித்தியாசம் வராது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் இறங்குவது மொட்டைமாடி வழியாகத்தான். மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு கொடுங்கள், பலன் தெரியும்.

"வாஸ்துப்படி சிவப்பு அடிக்கச் சொல்றாங்க."

அடியுங்கள், வெளிர் சாயலாக. டப்பாவில் 90 பி.பி.எம். பார்த்துவிட்டு.

"போன வருஷமே சுரண்டி அடிச்சாச்சு. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?"

பதற வேண்டாம். பெரும்பாலும் வெளியே அறிகுறி எதுவும் தெரியாது. மண், சுவர்க்காரை தின்னும் பழக்கம், இரத்தசோகை, அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், காரணமில்லாத எரிச்சல், பேச்சு தாமதம் போன்றவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் இந்தப் பெயிண்ட் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனை உண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

"சாப்பாட்டில் ஏதாவது?"

கேழ்வரகு, பால், கீரை, பயறு, கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை. இரும்பும் கால்சியமும் போதுமான அளவு இருந்தால் காரீயம் உடம்பில் சேர்வது குறையும். ஆனால் இது தடுப்புக்கு ஒரு துணைதான், மருந்தல்ல. சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கமும் அதே அளவு முக்கியம்.

பெயின்டரைக் கூப்பிடும் முன்

1. வீடு கட்டி எத்தனை வருஷம்? எங்கெங்கே பழைய ஆயில் பெயிண்ட்? ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. உரிகிறதா, உறுதியாக இருக்கிறதா? உறுதியாக இருந்தால் சுரண்ட வேண்டாம்.

3. ஈரம், உப்பு இருக்கிறதா? முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

4. கர்ப்பிணி, குழந்தை, இழுப்பு உள்ளவர் யாராவது இருந்தால் அந்த நாட்களுக்கு வேறு இடம் ஏற்பாடு செய்யுங்கள்.

5. 90 பி.பி.எம். அச்சு, தயாரித்த தேதி பார்த்து டப்பா வாங்குங்கள்.

6. ஈரத்தில் தேய்ப்பு, ஈரத்தில் துடைப்பு. வேலை தொடங்கும் முன்பே பெயின்டரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஒருநாள் கூலி கூட ஆகலாம். கொடுத்துவிடுங்கள்.

7. கடைசியாகத்தான் கலர். அது உங்கள் இஷ்டம்!